ஓட்டுநர் இல்லாத ரயிலை ஓட்டுவது யார்?

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா நிலையத்தில் பொங்கோல் பக்கம் போகும் ரயிலின் முதல் பெட்டியில் ஏறுங்கள். முன்பக்கக் கண்ணாடி வரை தடையில்லாமல் நடந்து போகலாம். நம் ஊர் ரயிலில் ஓட்டுநர் அறை இருக்கும் இடம் அது. இங்கே அறையும் இல்லை, அதற்கொரு கதவும் இல்லை. இயக்கு பலகை மட்டும் ஒரு மூடிக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி வைத்திருக்கும் ஊழியர் அவசரத்துக்கு அதைத் திறந்து ரயிலைக் கையால் ஓட்டலாம். மற்ற நேரமெல்லாம் அந்த இடம் சுரங்கப்பாதையை வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்குத்தான்.

இந்த வடகிழக்கு ரயில் பாதை 2003 ஜூன் 20 அன்று திறக்கப்பட்டது. அப்போது நீளம் 20 கிலோமீட்டர். முழுக்க நிலத்தடியில், ஆறு பெட்டிகளோடு, ஓட்டுநரே இல்லாமல் ஓடும் நகர ரயில்களில் உலகின் முன்னோடிகளில் ஒன்று. ஓட்டுநரை எடுத்துவிட்டால் அவர் பார்த்த வேலையும் போய்விடுமா என்ன? சிக்னலைப் பார்ப்பது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, சரியான இடத்தில் நிறுத்துவது, கதவைத் திறந்து மூடுவது, தடத்தில் யாரும் விழுந்துவிடாமல் கவனிப்பது, கோளாறு வந்தால் பயணிகளிடம் பேசுவது என்று அவருக்கு ஏகப்பட்ட வேலை. அந்த வேலைகள் யார் யாருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன என்று பார்த்தால் இந்த இயந்திரம் முழுசாகப் புரிந்துவிடும்.

சிங்கப்பூர் இந்த இடத்துக்கு ஒரே தாவலில் வந்துவிடவில்லை. அந்தச் சின்னத் தீவுக்கு ரயில் தேவையா, பேருந்தே போதுமா என்று 1970களில் தொடங்கிப் பல வருடம் விவாதம் நடந்தது. 1980இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வுக்குழு, பேருந்தே போதும் என்று சொன்னது. ரயில் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர்களில் முக்கியமானவர் அமைச்சர் ஓங் டெங் சியோங். பிற்காலத்தில் அந்நாட்டின் அதிபரானவர். 1982இல் அரசு ரயிலுக்குச் சம்மதம் சொன்னது. 1987 நவம்பர் 7 அன்று இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களுடன் முதல் பெருவிரைவு ரயில் ஓடியது.

அந்த முதல் ரயிலிலும் பாதி வேலையை இயந்திரமே செய்தது. தானியக்கத்தில் படிகள் உண்டு. முதல் படியில் ஓட்டுநர்தான் ஓட்டுவார். வரம்பு மீறினால் பிரேக் பிடிப்பது மட்டும் இயந்திரத்தின் வேலை. இரண்டாம் படியில் நிலையத்துக்கு நிலையம் ரயில் தானாக ஓடும். ஓட்டுநர் கதவைக் கவனித்து, புறப்படச் சொல்லிப் பொத்தானை அழுத்துவார். லண்டனின் விக்டோரியா பாதை 1968லேயே இப்படித்தான் தொடங்கியது. சிங்கப்பூரின் முதல் ரயிலும் இந்தப் படிதான். மூன்றாம் படியில் ஓட்டுநருக்குப் பதில் ஓர் உதவியாளர் பெட்டிக்குள் இருப்பார். நான்காம் படியில் ரயிலில் ஊழியர் யாருமே இருக்க வேண்டியதில்லை. ஜப்பானின் கோபே நகரம் 1981லும், பிரான்சின் லீல் நகரம் 1983லும் இந்தப் படியைத் தொட்டன. அவை சிறிய, இலகு வகை ரயில்கள்.

சிங்கப்பூரும் இலகு ரயிலில்தான் கை பழகியது. 1999இல் புக்கிட் பாஞ்சாங் குடியிருப்பைச் சுற்றி, ரப்பர் சக்கரங்களில் ஓடும் ஓட்டுநரில்லா ரயில் வந்தது. அடுக்குமாடி வீடுகளின் ஜன்னலை உரசுவதுபோல் போகும் வழி அது. வீடுகளை நெருங்கும்போது பெட்டியின் கண்ணாடி தானாகப் பால்போல் மங்கிவிடும், தாண்டியதும் தெளிந்துவிடும். வீட்டுக்காரர்களின் அந்தரங்கத்துக்காகச் செய்த ஏற்பாடு. இவ்வளவு யோசித்துக் கட்டிய பாதை அடிக்கடி கோளாறிலும் மாட்டியது. விமான நிலையங்களில் முனையத்துக்கு முனையம் ஆள் ஏற்றிப்போகும் ரக வண்டியை, ஏற்ற இறக்கமும் வளைவும் நிறைந்த தெருக்களின் மேல் ஓட்டியது அதற்கு ஒரு காரணம்.

இனி வேலைப் பங்கீட்டுக்கு வருவோம். முதல் வேலை, முன்னால் போகும் ரயிலில் மோதாமல் இருப்பது. பழைய முறையில் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டில் ரயில் நுழைந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் மின்சாரத்தால் இணைத்துவிடும். அந்தத் துண்டில் ஆள் இருக்கிறது என்று சிக்னலுக்குத் தெரிந்துவிடும். ரயில் துண்டின் தலைமாட்டில் நிற்கிறதா, கால்மாட்டில் நிற்கிறதா என்பது மட்டும் தெரியாது. அதனால் அந்தத் துண்டையே மொத்தமாக அடைத்துவைக்க வேண்டும். இடம் வீணாகும்.

வடகிழக்குப் பாதையில் அப்படி இல்லை. ரயில் தன் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்குப் போடுகிறது. சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் கணக்கு பிசகுமே என்று கேட்கலாம். பிசகத்தான் செய்யும். அதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே அங்கங்கே அடையாளக் கருவிகள் பதித்திருக்கிறார்கள். அவற்றைக் கடக்கும்போதெல்லாம் ரயில் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். திருத்திய இடத்தை நொடிக்கு நொடி ரேடியோ வழியாகக் கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்லும். கணினி திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இந்தப் புள்ளி வரை நீ போகலாம். முன்னால் போகும் ரயில் நகர நகர அந்தப் புள்ளியும் நகரும். நெடுஞ்சாலையில் முன்னே போகும் லாரியின் வேகத்தைப் பார்த்து இடைவெளி விடுகிறாரே பஸ் டிரைவர், கிட்டத்தட்ட அதே காரியம்தான். இதன் பலன் அதிகம். சிங்கப்பூரின் பழைய வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குப் பாதைகளில் பின்னாளில் இந்த முறையைப் புகுத்தியபோது, ரயில்களுக்கு இடையிலான நேரத்தை 120 விநாடியிலிருந்து 100 விநாடியாகக் குறைக்க முடிந்தது.

இந்த ஏற்பாட்டின் உயிர் ஒரே விதியில் இருக்கிறது. பேச்சு நின்றால் ஆபத்து என்று பொருள். கணினியிலிருந்து தகவல் வருவது நின்றுபோனால், ஏன் நின்றது என்று ரயில் யோசிக்காது. அவசர பிரேக் போட்டு நின்றுவிடும்.

இரண்டாவது வேலை, பயணிகளைக் கவனிப்பது. இதில் பெரும்பங்கு நடைமேடையின் ஓரத்தில் நிற்கும் கண்ணாடித் தடுப்புக் கதவுகளுக்கு. 1987இல் நிலத்தடி நிலையங்களில் இவற்றை வைத்தபோது முக்கிய நோக்கம், குளிர்பதனக் காற்று சுரங்கத்துக்குள் ஓடிப்போகாமல் தடுப்பது. ஓட்டுநரே இல்லாத பாதை வந்ததும் அதே கதவு உயிர்காக்கும் சாதனமாக மாறியது. தடத்தில் யாரும் விழவே வழியில்லை என்றால், விழுந்தவரைப் பார்ப்பதற்கென்று முன்னால் ஒரு ஜோடி கண் தேவையில்லை. ஆனால் இதற்காக ரயில் ஒவ்வொரு முறையும் தன் கதவு தடுப்புக் கதவுக்கு நேராக வரும்படி நிற்க வேண்டும். தவறி நின்றால் கதவு திறக்காது; ரயில் முன்னும் பின்னும் நகர்ந்து இடத்தைச் சரிசெய்துகொள்ளும். மூடும்போது ஒரு பையின் வார் இடையில் மாட்டினால் கதவின் மோட்டார் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திணறும்; அதை வைத்தே தடையைக் கண்டுபிடித்துக் கதவு மறுபடி திறக்கும். ரயில் கதவும் தடுப்புக் கதவும் எல்லாமே பூட்டிக்கொண்டன என்ற உறுதி கிடைக்காமல் ரயில் ஓர் அங்குலம்கூட அசையாது.

இந்தக் கதவுகள் நிற்கும் நிலையங்களைக் கட்டுவதும் பெருஞ்செலவு, பெருஞ்சிரமம். சிங்கப்பூரின் கடலோர நிலத்தடியில் கொழகொழவென்ற கடற்களிமண் கிடக்கிறது. 2004 ஏப்ரல் 20 அன்று வட்டப் பாதை என்ற இன்னொரு ரயில் பாதைக்காக நிக்கல் நெடுஞ்சாலை அருகே தோண்டிய பள்ளத்தின் தாங்குசுவர் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். முட்டுக்கொடுத்த எஃகு இணைப்புகளின் வடிவமைப்பிலேயே பலவீனம் இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அதன்பின் நிலையத்தையே வேறு இடத்துக்குத் தள்ளிக் கட்டினார்கள். வடகிழக்குப் பாதையின் நிலையங்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. கனமான எஃகுக் கதவுகளோடு, போர்க்காலத்தில் மக்கள் ஒதுங்கும் பதுங்கிடமாகவும் அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள்.

கட்டிய நிலையத்தை எப்போது திறப்பது என்பதும் லேசான கணக்கில்லை. புவாங்கோக் நிலையம் 2003லேயே தயார். சுற்றுவட்டாரத்தில் போதுமான வீடுகள் இல்லை என்று பூட்டி வைத்தார்கள். 2005இல் அமைச்சர் ஒருவர் அந்தப் பகுதிக்கு வந்தபோது, நிலையத்துக்கு வெளியே, வீண்செலவைக் குத்திக்காட்டும் எட்டு வெள்ளை யானை அட்டைப் படங்கள் வரிசையாக நின்றன. வைத்தது யார் என்று போலீஸ் விசாரித்தது. 2006 ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது.

மூன்றாவது வேலை, கோளாறு பார்ப்பது. மனித மூளைக்கு இங்கே இன்னும் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு வட்டப் பாதையில் 2016இல் நடந்த ஒரு துப்பறியும் கதையே சாட்சி. ஆகஸ்டு தொடங்கி, ஓட்டுநரில்லா ரயில்கள் திடீர் திடீரென்று தொடர்பை இழந்து அவசர பிரேக் போட்டு நின்றன. குறிப்பிட்ட ரயில் என்று இல்லை, குறிப்பிட்ட இடம் என்று இல்லை, குறிப்பிட்ட நேரம் என்றும் இல்லை. வெளியிலிருந்து ஏதோ அலை குறுக்கிடுகிறது என்று சந்தேகப்பட்டார்கள். நவம்பரில் தொல்லை மறுபடி தலைதூக்கியபோது அரசின் தரவு ஆய்வாளர்களிடம் கோளாறுப் பட்டியலைக் கொடுத்தார்கள்.

அவர்கள் கையில் எடுத்தது 19ஆம் நூற்றாண்டுக் கருவி. பிரான்சில் ரயில் கால அட்டவணையைக் கோடுகளாக வரைந்து காட்டிய வரைபட முறை. ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் நிலையங்கள். நின்றுபோன ரயில்களை அதில் புள்ளிகளாக வைத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தபோது சிதறிக் கிடந்த கோளாறுகள், ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நகர்ந்தன. அதுவும் பாதிக்கப்பட்ட ரயில்கள் போகும் திசைக்கு நேர் எதிர்த்திசையில். எதிர்த் தடத்தில் ஏதோ ஒரு ரயில் போகிறது. அது கடக்கும்போதெல்லாம் பக்கத்துத் தடத்து ரயில் நிற்கிறது! குற்றவாளி தான் நிற்பதில்லை என்பதால் கோளாறுப் பட்டியலில் அதன் பெயரே வரவில்லை. பழைய பதிவுகளைப் புரட்டி, பி.வி.46 என்ற ரயிலைப் பிடித்தார்கள். அதன் சிக்னல் கருவி பழுதாகித் தாறுமாறான அலைகளை வெளியிட்டுக்கொண்டிருந்தது. சோதனைக்கு ஓட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு அந்த ரயிலைச் சேவையிலிருந்து எடுத்தார்கள்.

இந்தக் கதையில் ரயில்கள் நின்று தொந்தரவு கொடுத்தன, யாருக்கும் காயமில்லை. பேச்சு நின்றால் பிரேக் என்ற விதி தன் வேலையைச் செய்தது. விதி இருந்தும் ஆட்கள் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த ஆண்டு காட்டியது. 2017 நவம்பர் 15 அன்று ஜூ கூன் நிலையத்தில், நின்றிருந்த ரயிலின் பின்னால் இன்னொரு ரயில் மோதி 30க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பழைய சிக்னலிலிருந்து புதியதற்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. இன்னும் மாற்றியமைக்காத ஒரு பழைய மின்சுற்றைக் கடந்தபோது முன்னால் இருந்த ரயிலைச் சுற்றியிருந்த பாதுகாப்பு எல்லை நீங்கிவிட்டது. இரண்டு ரயில்களிலுமே ஓட்டுநர் இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பு பீஷான் அருகே சுரங்கத்தில் மழைநீர் புகுந்து, சேவை மறுநாள் வரை முடங்கியது. நீரிறைக்கும் பம்புகள் வேலை செய்யவில்லை. செய்யாத பராமரிப்பைச் செய்ததாகக் குறிப்பேட்டில் எழுதியிருந்தது விசாரணையில் வெளிவந்தது. எவ்வளவு உயர்ந்த கணினி இருந்தாலும், பம்பைப் போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

ஆக, ஓட்டுநர் இல்லாத ரயிலை ஓட்டுவது பல பேர். கட்டுப்பாட்டு அறையில் ரயிலுக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், பயணிகளுக்கு ஒருவர் என்று இரவு பகல் உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டியில் அவசரப் பொத்தானை அழுத்தினால் பதில் பேசுவது அவர்களில் ஒருவர்தான். கடைசி ரயில் போனபின், முதல் ரயில் கிளம்புவதற்குள் கிடைக்கும் சுமார் மூன்றரை மணி நேரத்தில் தண்டவாளத்தைச் சோதித்து, கம்பியை இறுக்கி, கருவியை மாற்றிவிட்டு வெளியேறும் தொழிலாளர்கள் இன்னொரு கூட்டம். வடகிழக்குப் பாதைக்குப் பின் சிங்கப்பூர் கட்டிய வட்டப் பாதை, டௌன்டவுன் பாதை, தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதை மூன்றுமே ஓட்டுநர் இல்லாதவை. மூன்றையும் தாங்கி நிற்பது இந்தக் கூட்டம்தான்.

இது நமக்கும் தூரத்துச் சங்கதி இல்லை. டெல்லியில் மெஜந்தா பாதையில் 2020 டிசம்பரில் ஓட்டுநரில்லா ரயில் ஓடத் தொடங்கியது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டமான 118.9 கிலோமீட்டருக்கும் மூன்று பெட்டிகள் கொண்ட ஓட்டுநரில்லா ரயில்களே திட்டமிடப்பட்டுள்ளன. அதில் ஏறும்போது முன்பக்கக் கண்ணாடியைத் தாராளமாக வேடிக்கை பாருங்கள். கூடவே ஒரு கேள்வியையும் கேட்டுவையுங்கள்: இரவில் இறங்கி வேலை பார்க்கப் போதுமான ஆட்களும், அவர்களுக்குப் போதுமான நேரமும் கொடுக்கிறார்களா? ஓட்டுநர் சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பராமரிப்புச் செலவிலும் கை வைக்கும் நகரத்துக்கு இந்த ரயில் சரிப்படாது.