கடலுக்கும் மலைக்கும் செயற்கைக்கோள் செய்தி: கிராமத்தில் ஒரு சிறு தொழில்

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயலைக் குமரி மாவட்ட விவசாயிகள் மறந்திருக்க முடியாது. வாழையும் ரப்பரும் ஒரே நாளில் சாய்ந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆகிய ஊர்களின் இழப்பு அதனினும் கொடியது. எச்சரிக்கை வெளிவந்தபோது ஆழ்கடல் படகுகள் பல கரைக்கு வெகு தொலைவில் இருந்தன. அவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை.

செய்தி எட்டாதது ஏன்?

கைபேசி அலை கரையிலிருந்து சில கிலோ மீட்டர் வரையே எட்டும். படகிலுள்ள வயர்லெஸ் கருவியின் அலை நேர்கோட்டில் செல்வதால், பூமியின் வளைவைத் தாண்டாது. வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்போருக்கு இவை இரண்டும் போதா.

செயற்கைக்கோள் எவ்வாறு உதவுகிறது?

பூமியிலிருந்து சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்கள் உள்ளன. படகிலிருந்து செல்லும் செய்தி அங்கு ஏறி, தரை நிலையத்துக்கு இறங்கக் கால் நொடியே ஆகும். பேச்சை அனுப்பத் தொடர்ந்து அலை வேண்டும். சில சொற்கள் கொண்ட செய்திக்குச் சிறு மின்கலமும் சிறு ஆன்டெனாவும் போதும். எனவேதான் குறுஞ்செய்திச் சேவை மலிவாக அமைகிறது.

2019-இல் வெளியான 'ஜெமினி' என்னும் கருவி, ககன் செயற்கைக்கோள்கள் வழியாகப் புயல் எச்சரிக்கையையும் மீன்வள இடங்களையும் பெற்று, படகோட்டியின் கைபேசிக்குக் கொடுத்தது. ஆனால் பதில் அனுப்ப இயலாது. இக்குறையைத் தீர்க்க, இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் இருவழிச் செய்தி அனுப்பும் 'டிரான்ஸ்பாண்டர்' உருவாயிற்று. கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் படகுகளில் இதனை இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம், 2024 ஆகஸ்ட் 30-இல் தொடங்கப்பட்டது.

தொழில் எங்கே?

செயற்கைக்கோளோ தரை நிலையமோ நம் கையில் இல்லை. அவற்றை நடத்த அரசின் உரிமம் தேவை. நம் கைக்கு எட்டுவது கரையிலுள்ள பராமரிப்பு வேலை. உங்கள் வீட்டில் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ படித்த இளைஞர் இருந்தால், இருவர் மூவராகச் சேர்ந்து இதனைத் தொடங்கலாம்.

1. பேட்டரி, மின்கம்பி, இணைப்புகளைச் சோதித்தல். உப்புக் காற்று செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏற்றும். அதனைத் துடைத்து, கிரீஸ் தடவி, நீர் புகாதபடி மூட வேண்டும்.
2. ஆன்டெனாவுக்கு மேல் வானம் திறந்திருக்கச் செய்தல். தகரக் கூரைக்கு அடியில் இருந்தால் செய்தி எட்டாது.
3. படகு புறப்படுமுன் ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, பதிவேட்டில் குறித்தல்.
4. செயலியைப் பயன்படுத்தவும் ஆபத்துப் பொத்தானை அழுத்தவும் தொழிலாளர் அனைவருக்கும் பழக்குதல்.

அரசு பொருத்திய கருவியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். அது பழுதானால் மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள்.

மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்த இரு மாதங்களே வேலை மிகும் காலம். கன்னிப்பூ சாகுபடி வேலையும் அப்போதே வருவதால், ஆட்களை முன்கூட்டியே பிரித்துக் கொள்ளுங்கள். முதலீட்டைச் சோதனைக் கருவிகளிலும் உதிரிப் பொருள்களிலும் மட்டும் போடுங்கள். ஆண்டுச் சந்தா முறையில் கட்டணம் வாங்கினால் வருமானம் சீராக இருக்கும்.

மலைத் தோட்டங்களுக்கும் இவ்வழி பொருந்தும். தானியங்கி வானிலை நிலையங்கள் மழையளவை இன்சாட் செயற்கைக்கோள் வழியாக அனுப்பி வருவதே இதற்குச் சான்று.

எச்சரிக்கை

வளைகுடா நாடுகளிலிருந்து வரும் உறவினர் செயற்கைக்கோள் தொலைபேசி கொண்டு வந்தால், உரிமமின்றி அதனை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றமாகும். அதனை வாங்கவோ விற்கவோ முற்படாதீர்கள்.

கருவி படகில் இருப்பதால் மட்டும் உயிர் காக்கப்படாது. புயல் நாளில் அது வேலை செய்ய வேண்டும். புறப்படும் நாளில் அதைச் சோதித்துத் தருபவர் அருகிலேயே இருந்தால், கடலில் இருப்போருக்கும் கரையில் காத்திருப்போருக்கும் அது பெருந்துணையாகும்.