'பேட்ஜர்' பண்றதுன்னா என்ன? நச்சரிப்புக்கு ஒரு விலங்கின் பெயர் வந்த கதை!

ஹாலிவுட் கோர்ட் படங்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. சாட்சி சொல்ல வந்தவரை ஒரு வழக்கறிஞர் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைத்தெடுப்பார். உடனே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "அப்ஜெக்‌ஷன்! சாட்சியை பேட்ஜர் செய்கிறார்" என்பார். அது என்ன பேட்ஜர்? வாங்க பார்க்கலாம்.

அர்த்தம் என்ன?

ஒருவரை விடாமல் நச்சரிப்பதுதான் பேட்ஜர் செய்வது. சும்மா ஒருமுறை எரிச்சலூட்டுவது இதில் சேராது. 'ஆளை விடுப்பா சாமி' என்று அவர் இறங்கி வரும் வரை திரும்பத் திரும்பத் தொல்லை கொடுக்கணும். பைக் கேட்டு அப்பாவைத் தினமும் அரித்தெடுக்கும் மகன் செய்வது இதைத்தான்.

எங்கிருந்து வந்தது?

பேட்ஜர் என்பது ஐரோப்பாவில் வாழும் ஒரு விலங்கு. முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை இருக்கும். மண்ணில் வளை தோண்டி வாழும், இரவில்தான் வெளியே வரும். அப்போ, அது மனுஷங்களைத் தொல்லை செய்யுமா? இல்லை. தொல்லைக்கு ஆளானதே அதுதான்!

பிரிட்டனில் பேட்ஜரைப் பிடித்து பெட்டியிலோ குழியிலோ அடைத்து, அதன் மீது நாய்களை ஏவி விடுவது ஒருகாலத்தில் பொழுதுபோக்காக இருந்தது. தப்பிக்க வழியில்லாத அந்த விலங்கை நாய்கள் மாறி மாறிக் கடித்துக் குதறும். அதிலிருந்துதான் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், விடாமல் தொல்லை செய்வதற்கு இந்தப் பெயர் வந்தது.

நம்ம ஊரிலும் பலர் வளர்க்கும் டாஷ்ஹண்ட் நாயின் பெயருக்கு ஜெர்மன் மொழியில் 'பேட்ஜர் நாய்' என்றே பொருள். பேட்ஜரை வளைக்குள் புகுந்து வேட்டையாட வளர்க்கப்பட்ட இனம் அது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் கொடூர விளையாட்டு பிரிட்டனில் 1835-ஆம் ஆண்டே தடை செய்யப்பட்டது. பேட்ஜர்களைப் பாதுகாக்க 1992-இல் தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும் திருட்டுத்தனமாக இது இன்றும் நடக்கிறது.

சரி, கோர்ட்டில் சாட்சியை இப்படி நச்சரித்தால்? இந்தியாவிலும் அதற்குத் தடை உண்டு. சாட்சியை அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ கேட்கப்படும் கேள்விகளை நீதிமன்றம் தடுக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 152-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்திலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.