ஓடைக்கு ஒரு பில் போடுங்க பாஸ்!

‘எகனாமிக்ஸா? அது ஆர்ட்ஸ் குரூப் மேட்டராச்சே!’னு நழுவுற இன்ஜினீயரிங் மக்களே... கொஞ்சம் நில்லுங்க! ஒரு பலகை, ஒரு ரம்பம், ஒரு ஸ்கேல். இது போதும், ‘சூழலியல் பொருளாதாரம்’கிற பெரிய பேர் வெச்ச பாடத்தைக் கல்வராயன் மலை ஓடையிலேயே படிச்சிடலாம்.

பலகையில 90 டிகிரிக்கு ‘வி’ வடிவத்துல வெட்டுங்க. சின்ன ஓடைக்குக் குறுக்கே நிறுத்தி, ஓரத்தைக் களிமண்ணால அடைச்சிட்டா மொத்தத் தண்ணியும் அந்த வெட்டு வழியாத்தான் போகணும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல தூங்கிக்கிட்டே செஞ்ச அதே ‘வி நாட்ச்’தான்! பலகைக்குச் சற்று முன்னாடி, வெட்டோட முனைக்கு மேல 10 சென்டிமீட்டர் தண்ணி நின்னா, விநாடிக்கு 4 லிட்டருக்கு மேல ஓடுதுனு அர்த்தம். ஒரு நாளைக்கு? சுமார் மூணே முக்கால் லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர்ல 31 லோடு! உங்க ஏரியாவுல ஒரு லோடு என்ன விலைனு விசாரிச்சுப் பெருக்கிக்குங்க. தலை சுத்துதா?

இந்த ஓடைகள்தான் சேர்ந்து கோமுகி ஆறாகுது. கச்சிராயபாளையம் பக்கத்துல கோமுகி அணை நிரம்பினா, கீழே நெல்லும் கரும்பும் விளையும். மேலே காட்டோடு வாழுற மலையாளிப் பழங்குடி மக்களுக்கு (கேரளானு நினைச்சிடாதீங்க, தமிழ்தான் பேசுறாங்க) அதுக்காக யார் பணம் கொடுத்தா? அந்த வரியே எந்தக் கணக்குலயும் கிடையாது.

மரவள்ளி மேட்டர் இன்னும் சிக்கல். சாமையைவிட அதுல கையில காசு வரும், கிழங்கு ஜவ்வரிசி மில்லுக்குப் போகும். ஆனா சரிவுல கிழங்கைப் பிடுங்கும்போது மண்ணும் கிளறுது, அடுத்த மழையில கீழே ஓடிடுது. ரெண்டு தட்டைச் சாய்ச்சு வெச்சு, ஒண்ணுல வெறும் மண், ஒண்ணுல புல் முளைச்ச மண் போட்டு, பூவாளியால ஒரே அளவு தண்ணி ஊத்துங்க. வழியுற சேத்தைக் காயவெச்சு எடை போட்டா வித்தியாசம் தெரியும். அதுக்காகக் கடன்ல இருக்கிறவர்கிட்ட போய் ‘சாமையே போடுங்கண்ணே’னு அட்வைஸ் பண்றது ரொம்ப ஓவர்!

ஸ்டூடண்ட்ஸ் போட்ட கணக்கை யார் மதிப்பானு கேக்குறீங்களா? சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1918-ல அது புத்தகமாச்சு. அதுல ஒரு ஊர், இன்னிக்கு விழுப்புரம் மாவட்டத்துல இருக்கிற இருவேல்பட்டு. நம்ம கள்ளக்குறிச்சியும் அந்த ஊரும் அப்போ ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்தக் கணக்கை வெச்சுத்தான் 1936-37-ல தொடங்கிப் பல முறை ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போயிருக்காங்க.

கல்வராயன் மலைக்கு அப்படி ஒரு கணக்கு அவசரமா வேணும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடிச்சது. அதுக்கப்புறம்தான் இந்த மலை மக்களோட நிலைமையை உயர் நீதிமன்றம் தானாவே வழக்கா எடுத்துச்சு. இங்கே விளையுற கடுக்காய் சித்த மருந்துக்கும் போகும், தோல் பதனிடவும் போகும், சாராய ஊறலுக்கும் போகும். 2006 வன உரிமைச் சட்டப்படி காட்டுச் சிறு விளைபொருள்ல பழங்குடிகளுக்கு உரிமை உண்டு. பொறுக்குறவருக்குக் கிலோவுக்கு எவ்வளவு, நாட்டு மருந்துக் கடையில எவ்வளவு? ஒரே ஒரு கடுக்காய் மூட்டையை மரத்தடியில இருந்து கடை வரைக்கும் ஃபாலோ பண்ணுங்க, செமஸ்டர் புராஜெக்ட் ரெடி!

கிளம்புறதுக்கு முன்னாடி வனத்துறைகிட்ட அனுமதியும், ஊர்ப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தையும் கேட்டுக்குங்க. அளந்த கணக்கை ஹெச்.ஓ.டி-கிட்ட காட்டுறதுக்கு முன்னாடி, அந்த ஊர்க்காரங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. தப்பு இருந்தா அங்கேயே சொல்லிடுவாங்க!