வெல்லும் கட்டு எது?

சீட்டாட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் வீடுகளில் பெரியவர்களின் புருவம் நெரிவது இயல்பே. சீட்டால் நிலபுலனை இழந்தவர் கதை இல்லாத ஊர் நம் பக்கத்தில் இல்லை. ஆயினும் திண்ணையில் அமர்ந்து இருபத்தெட்டு ஆடிய பாட்டனாரை எவரும் சூதாடி என்று பழித்ததும் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சீட்டாட்டம் இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் நடைபெறுகிறது. அதில் பந்தயப் பணம் கிடையாது. ஆனால் பணச் செலவு உண்டு. “இதுவும் ரம்மியைப் போன்றதுதானா? பையன் சீட்டு வாங்கக் காசு கேட்கிறானே, கொடுக்கலாமா?” என்று நம் சங்கத்து அன்பர் சிலர் வினவியதுண்டு. அவர்களுக்கு விடை கூறுமுகத்தான், அவ்வகை ஆட்டங்களுள் பெயர்பெற்ற ஒன்றின் உள்விவரத்தை இங்கே சற்று விரித்துரைக்கக் கருதுகிறோம்.

அதன் பெயர் ஹார்த்ஸ்டோன். அமெரிக்காவின் பிளிஸ்ஸார்டு என்ற நிறுவனம் 2014 மார்ச்சில் அதை வெளியிட்டது. காகிதச் சீட்டு ஒன்றும் இல்லை, யாவும் திரையில்தான். ஆடுவோர் இருவர். ஒவ்வொருவருக்கும் ஒரு நாயகன். அவனுக்கு 30 உயிர்ப்புள்ளிகள். வேட்டைக்காரன், போர்வீரன், பூசாரி, மந்திரவாதி என்று தொடக்கத்தில் 9 வகை நாயகர் இருந்தனர்; பிற்பாடு 11 ஆயினர். படையாட்களையும் மந்திரங்களையும் சீட்டுகளாக இறக்கி, எதிராளியின் உயிர்ப்புள்ளிகளை முதலில் கரைப்பவரே வென்றவர். சீட்டை இறக்குவதற்கு ‘மானா’ என்னும் ஆற்றலைச் செலவிட வேண்டும். அது முதல் முறைக்கு 1, அடுத்த முறைக்கு 2 என ஏறிக்கொண்டே போய் 10-இல் நின்றுவிடும். ஆகையால் சிறிய சீட்டுகள் முன்னும், பெரிய சீட்டுகள் பின்னும் களம் இறங்கும்.

நாம் பழகிய ஆட்டத்தில் 52 சீட்டுகளும் எல்லோருக்கும் பொது; குலுக்கிப் போட்டபின் கைக்கு வந்தது வந்ததுதான். இங்கே அப்படியன்று. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து 30-ஐ மட்டும் பொறுக்கி, அவரவர் தமக்கென ஒரு கட்டு அமைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரே சீட்டு இரண்டுக்கு மேல் கூடாது; ‘லெஜண்டரி’ எனப்படும் அரிய சீட்டாயின் ஒன்றுதான். எனவே களத்தில் உட்காருமுன்பே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது என்று சொன்னாலும் மிகையாகாது. இந்த முன்பாதியைத்தான் பெற்றோர் காண்பதில்லை. பையன் திரையை வெறித்துக்கொண்டு சும்மா இருப்பதாக நினைக்கிறார்கள். அவனோ எந்தச் சீட்டை எடுப்பது, எதை விடுப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான்.

கட்டுகளைப் பொதுவாக மூன்று குலமாகப் பிரிக்கலாம். முதலாவது பாய்ச்சல் கட்டு: சிறிய படையாட்களைச் சரசரவென்று இறக்கி, எதிராளி மூச்சு விடுமுன் முடித்துவிடப் பார்ப்பது. இரண்டாவது தற்காப்புக் கட்டு: வருகிற படையை எல்லாம் துடைத்தெறிந்து, எதிராளி களைத்தபின் பெருஞ்சீட்டுகளால் அமுக்குவது. மூன்றாவது கூட்டுக் கட்டு: இரண்டு மூன்று குறிப்பிட்ட சீட்டுகள் கைக்குச் சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, சேர்ந்த அந்த ஒரே முறையில் ஆட்டத்தை முடிப்பது. பெரும்பாலும் தற்காப்பு பாய்ச்சலை வெல்லும். கூட்டு தற்காப்பை வெல்லும். பாய்ச்சலோ, கூட்டுச் சீட்டுகள் சேருமுன்னரே வந்து கூட்டுக் கட்டை வென்றுவிடும். ஒன்றுக்கொன்று எமன்.

“அப்படியாயின் இம்மூன்றில் எது சிறந்தது?” என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை அந்தக் கட்டுக்குள் இல்லை; எதிரே வருபவர் கையில் இருக்கிறது. உதாரணத்துக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். தனக்கு இளைத்த கட்டோடு ஆடினால் 100-க்கு 60 வெற்றி, தன் எமனோடு ஆடினால் 40, தன் இனத்தோடு ஆடினால் 50 என்று கொள்க. இந்த வாரம் எதிர்ப்படும் 100 பேரில் 50 பேர் பாய்ச்சல், 30 பேர் தற்காப்பு, 20 பேர் கூட்டு. தற்காப்புக் கட்டை எடுத்துச் சென்றவனுக்கு 30-உம் 15-உம் 8-உம் ஆக 53 வெற்றி கிடைக்கும். பாய்ச்சல்காரனுக்கு 49, கூட்டுக்காரனுக்கு 48. தற்காப்பே சிறந்ததென்று ஊரெங்கும் பேச்சாகிறது. அடுத்த வாரம் பலரும் அதற்குத் தாவுகிறார்கள். இப்போது எதிர்ப்படுவோரில் பாய்ச்சல் 20, தற்காப்பு 50, கூட்டு 30 என்றாகிறது. அதே தற்காப்புக் கட்டுக்கு இப்போது 12-உம் 25-உம் 12-உம் ஆக 49 தான்! சென்ற வாரம் கடைசியில் நின்ற கூட்டுக் கட்டு 53-க்கு ஏறிவிட்டது. ஒரு சீட்டும் மாறவில்லை, ஊர் மாறிற்று.

சென்ற பட்டத்தில் தக்காளி விலை ஏறிற்றென்று இந்தப் பட்டத்தில் ஊரே தக்காளி நட்டால் என்ன ஆகும் என்பதை நம்மவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நிலவரத்தைத்தான் பிள்ளைகள் ‘மெட்டா’ என்கிறார்கள். ஆயிரமாயிரம் ஆட்டங்களின் முடிவுகளைத் திரட்டி, எந்தக் கட்டு எவ்வளவு ஆடப்படுகிறது, எவ்வளவு வெல்கிறது என்று இடைவிடாது வெளியிடுவோரும் இருக்கிறார்கள். பட்டியலைப் பார்த்துப் படியெடுப்பவன், பட்டியல் வெளியானபின் மற்றவர் என்ன செய்வார் என்பதையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். நல்ல ஆட்டக்காரனுக்கு இதுவே முதற்பாடம்.

ஊரார் மாறுவது போதாதென்று நிறுவனமும் அவ்வப்போது தன் கையை வைக்கும். 2014-இல் அண்டர்டேக்கர் என்றொரு சீட்டு வந்தது. விலை 1 மானாதான். சாகும்போது ஏதேனும் பயன் தந்துவிட்டுப் போகும் படையாட்கள் சிலர் உண்டு. அத்தகைய ஒருவரை நாம் இறக்குந்தோறும் இந்த அண்டர்டேக்கருக்குத் தாக்கும் வலிமையும் உயிரும் ஒவ்வொன்று கூடும். முதல் முறையிலேயே இவனை இறக்கிய வேட்டைக்காரன் கட்டுக்கு எதிரே உட்கார்ந்தவன் பாடு திண்டாட்டந்தான். மாதக்கணக்கில் அவன் ஆட்சியே நடந்தது. 2015 ஜனவரி இறுதியில் நிறுவனம் அச்சீட்டைத் திருத்திற்று: வலிமை மட்டும் கூடும், உயிர் கூடாது. அத்துடன் அவன் கொட்டம் அடங்கியது.

இதனினும் சுவையானது கிரிம் பேட்ரன் கதை. 2015 ஏப்ரலில் வந்த இந்தப் படையாள், அடிபட்டும் சாகாதிருந்தால் தன்னைப் போன்ற இன்னொருவனைக் களத்தில் தோற்றுவிப்பான். தேவியோடு பொருத ரக்தபீஜனை நம்மில் எல்லோரும் அறிவோம்; சிந்திய துளிதோறும் ஓர் அசுரன் எழுந்தானல்லவா? அதே வித்தைதான். தனியே அவன் பெரிய ஆபத்தல்லன். ஆனால் வார்சாங் கமாண்டர் என்னும் பழைய சீட்டு ஒன்று இருந்தது. வலிமை 3-க்கு மேற்படாத படையாட்கள் இறங்கிய கணமே பாய்ந்து தாக்கும்படி செய்வது அது. பேட்ரனின் வலிமை சரியாக 3. இருவரும் சேர்ந்தபின் வெறுங்களத்திலிருந்து ஒரே முறையில் ஒரு படையே எழுந்து தாக்கியது. கைதேர்ந்தவரிடம் அக்கட்டு பயங்கரமாக விளங்கியது. பட்டியலைப் படியெடுத்த கற்றுக்குட்டிகளிடமோ அவ்வளவாகப் பலிக்கவில்லை. 2015 அக்டோபரில் கமாண்டரின் அந்தச் சக்தி நீக்கப்பட்டது. கட்டு அன்றே குலைந்தது.

இவ்விடத்தில்தான் வீட்டுக் கணக்கு குறுக்கிடுகிறது. திருத்தப்பட்ட சீட்டை வைத்திருப்போருக்கு அதன் முழு விலையையும் ஆட்டத்துக்குள்ளேயே திருப்பித் தருவது இந்நிறுவனத்தின் வழக்கம். ஆனால் கமாண்டர் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த சீட்டு. திருப்பித் தருவதற்கு அதில் ஒன்றுமில்லை. அதை நம்பி அக்கட்டில் சேர்த்துவைத்த மற்றைச் சீட்டுகள் திருத்தப்படவில்லை. ஆகவே அவற்றுக்கும் ஈடு கிடையாது. முளையைப் பிடுங்கினால் பந்தல் சாய்கிறது. பந்தலுக்குச் செலவிட்டவனை யார் கேட்பார்?

சீட்டு வாங்கும் முறையையும் அறிந்துகொள்வது நன்று. ஒரு பாக்கெட்டில் 5 சீட்டுகள். ஆட்டத்தில் சேரும் பொற்காசு 100 கொடுத்தும் வாங்கலாம். மெய்யான பணம் கொடுத்தும் வாங்கலாம். உள்ளே என்ன இருக்கும் என்பது பிரித்தால்தான் தெரியும். லெஜண்டரி சீட்டு சராசரியாக 20 பாக்கெட்டுக்கு ஒன்று கிடைக்கும். வேண்டாத சீட்டை எரித்துத் தூளாக்கி, அத்தூளால் வேண்டிய சீட்டைச் செய்துகொள்ளவும் வழியுண்டு. லெஜண்டரி ஒன்றைச் செய்ய 1600 தூள் வேண்டும். ஒன்றை எரித்தால் கிடைப்பதோ 400. நான்கைக் கொளுத்தி ஒன்றைப் பெறுவது! அடகுக்கடைக்காரனும் இப்படிக் கேட்கமாட்டான். சாதாரணச் சீட்டில் நிலைமை இன்னும் மோசம்: செய்ய 40, எரித்தால் 5.

2016 ஏப்ரல் முதல் ‘ஸ்டாண்டர்டு’ என்றொரு பிரிவு ஏற்பட்டது. பெரும்போட்டிகளுக்கு அடிப்படையான அப்பிரிவில் அண்மைக்காலச் சீட்டுகளுக்கே இடம். ஆண்டுக்கொருமுறை பழைய தொகுதிகள் வெளியேற, 2017 முதல் ஆண்டுக்கு மூன்று புதிய தொகுதிகள் உள்ளே வரலாயின. இன்று ஆசையாய் வாங்கும் சீட்டுக்கு அங்கே இரண்டாண்டு வாழ்வு என்று கொள்ளலாம். அதன்பின் எல்லாச் சீட்டும் செல்லுபடியாகும் வேறொரு பிரிவில்தான் அதை இறக்க முடியும். நிறுவனத்தையே குறை கூறிக்கொண்டிருப்பதும் நியாயமன்று. 2021-இல் ஓர் அடிப்படைத் தொகுதியை எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள். புதியவனுக்கு அது பேருதவி.

ஆகவே, கேட்ட அன்பர்களுக்கு நம் அபிப்பிராயம் இதுதான். இது ரம்மி அன்று. பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டமும், மின்விளையாட்டுப் போட்டிகளை அவற்றினின்று பிரித்தே வைத்திருக்கிறது. ஆனால் மூடிய பாக்கெட்டைப் பிரிக்கும்போது கையில் ஏறும் நமைச்சல், லாட்டரிச் சீட்டைச் சுரண்டும்போது ஏறுவதேதான். புதுத் தொகுதி வெளிவந்த முதல் நாட்களில் ஒரு காசும் செலவிட வேண்டாம், நிலவரம் படியட்டும். 2020 ஏப்ரலில் புதிதாகப் புகுந்த அரக்க வேட்டைக்காரன் என்னும் நாயகனின் சீட்டுகளை, அவன் வந்த சில நாட்களுக்குள்ளேயே திருத்த நேர்ந்தது. பையன் ஒரே கட்டை எடுத்து மாதக்கணக்கில் ஆடிப் பழகட்டும். 2014-இலேயே ‘ஜூ’ என்று பெயரிட்ட ஒரு கட்டு, மிருகக்காட்சிசாலைபோல் சின்னஞ்சிறு உயிர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, விலையுயர்ந்த சீட்டுகளைப் பெரிதும் நம்பாமலே உச்சத் தரம்வரை சென்றிருக்கிறது. பாய்ச்சல் கட்டுகள் பல இன்றும் சிக்கனமானவைதாம். தற்காப்புக் கட்டுதான் பணக்காரப் பிள்ளை.

பெரும்போட்டியில் கதை வேறு. அங்கே ஒரு கட்டு போதாது. வழங்கிவந்த முறைகளுள் ஒன்றின்படி ஒவ்வொருவரும் நான்கு நாயகர்க்கு நான்கு கட்டுகள் கொண்டுவர வேண்டும். எதிராளி அவற்றுள் ஒன்றை விலக்குவார். எஞ்சிய மூன்றாலும் தலைக்கு ஒரு வெற்றி பெற வேண்டும். எதை விலக்குவார் என்று இவர் யோசிக்க, இவர் என்ன யோசிப்பார் என்று அவர் யோசிக்க, ஆடுபுலி ஆட்டத்தில் புலியை எங்கே மடக்குவது என்பதைப் போன்ற யுக்தி இது.

இந்த யுக்தியில் நம் நாட்டவர் ஒருவர் மேலே வந்திருக்கிறார். குஜராத்தின் பூஜ் நகரத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா, 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் ஹார்த்ஸ்டோன் ஆடி வெண்கலம் பெற்றார். காட்சிப் போட்டி என்பதால் அது பதக்கப் பட்டியலில் சேரவில்லை. கச்சின் வறண்ட மூலையிலிருந்து அங்கே சென்றடைந்தது சாமானியமா? பெண்மக்கள் உள்ள வீட்டார்க்கு இன்னொரு பெயரும் சொல்லலாம்: சீனத்தின் லி ஷியாவ்மெங், 2019-இல் இவ்வாட்டத்தின் உலக இறுதிப் போட்டியில் வென்ற முதல் பெண். முன்னொரு சமயம் போட்டிக்கு வரிசையில் நின்றபோது, பெண்ணுக்கு இங்கே இடமில்லை என்று ஒருவர் கூறியதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

ஜகார்த்தாவுக்கு அடுத்த விழா சீனத்தின் ஹாங்சோ நகருக்கு ஒதுக்கப்பட்டது. மின்விளையாட்டுகள் அங்கே மெய்யான பதக்கத்துக்குரியவை ஆயின. முதலில் அறிவித்த எட்டு ஆட்டங்களுள் ஹார்த்ஸ்டோனும் ஒன்று. இந்தியாவிலும் அதற்குத் தேர்வுப் போட்டிகள் நடந்தேறின. இதற்கிடையே பிளிஸ்ஸார்டுக்கும் சீனத்தில் அதன் ஆட்டங்களை நடத்திவந்த நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் முறிந்தது. 2023 ஜனவரியில் சீனத்தில் ஆட்டமே மூடப்பட்டது. அங்குள்ளோர் ஆண்டுக்கணக்கில் பணமும் பொழுதும் செலவிட்டுச் சேர்த்த சீட்டுகள் ஒரே நாளில் கைக்கு எட்டாமற் போயின. அவற்றை விற்பதற்கோ பிறருக்குக் கொடுப்பதற்கோ என்றுமே வழி இருந்ததில்லை. விழாப் பட்டியலிலிருந்தும் ஹார்த்ஸ்டோன் நீக்கப்பட்டது. இங்கே தேர்வு பெற்று, கட்டுகளைத் தீட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் போவதற்கு இடமில்லை. ஓராண்டு தள்ளிப்போன அந்த விழா 2023 செப்டம்பர், அக்டோபரில் ஏழு ஆட்டங்களோடு நடந்து முடிந்தது. சீனத்தில் ஹார்த்ஸ்டோன் மறுபடி திறக்கப்பட்டது 2024 செப்டம்பரில்.