ஓசையின்றித் தேயும் மூட்டு

டுபாயின் அல் கூஸ் தொழிற்பேட்டையிலிருந்து ஊருக்குச் செல்லும் பணத்தில் தாய்மாரின் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைச் செலவும் அடங்குவதுண்டு. வாங்குவது உலோகம் என்றே நினைக்கிறோம். அம்மூட்டின் ஆயுளோ, உலோகங்களுக்கிடையே பொருத்தப்படும் சில மில்லிமீற்றர் தடிப்பான பொலித்தீன் தட்டையே பெரிதும் பொறுத்தது.

இங்கிலாந்து மருத்துவர் ஜோன் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு முதலில் ரெப்லோனைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றுத் திசுக்களைக் கெடுத்தன. பின்னர் ரெப்லோனையும் பொலித்தீனையும் தமது தொடையிலேயே புதைத்துச் சோதித்தார். (இன்று எந்த வைத்தியசாலை இதற்கு இணங்கும்?) 1962 இல் பொலித்தீன் மூட்டு வந்தது.

அதுவும் தேய்வதே. நுண்துகள்களை விழுங்கும் கலங்கள் சுரக்கும் பொருட்கள், எலும்பு கரைவதைத் தூண்டுகின்றன, மூட்டு தளர்கிறது. நோவு தோன்றுமுன்பே எலும்பு கரைந்திருக்கக்கூடும். ஆகையால் நோவில்லையெனினும், மருத்துவர் குறிக்கும் காலத்தில் எக்ஸ்ரே எடுத்தல் அவசியம். 1990களின் பிற்பகுதியில் வந்த குறுக்குப்பிணைப்புப் பொலித்தீன், குறிப்பாக இடுப்பு மூட்டில், தேய்வை வெகுவாகக் குறைத்தது.

எனினும் 2021, 2022 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் எக்ஸாக்டெக் நிறுவனம், உறையில் ஒட்சிசனைத் தடுக்கும் படலமொன்று இல்லாதிருந்தமையால், பொலித்தீன் பாகங்கள் பலவற்றை மீளப்பெற்றது. ஒட்சிசன் பட்ட பொலித்தீன் விரைந்து தேயும்.

ஏற்கெனவே பொருத்தப்பட்டவர்கள் தம் காலிலுள்ளது எதுவென அறிவது எப்படி? பாகத்தின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு வைத்தியசாலைக் கோப்பில் இருக்கும். நாடு மாறும் நம்மவர், வீடு திரும்புமுன்பே அதன் பிரதியைக் கேட்டுப் பெறவேண்டும்.