ஊன்றுகோல் தந்த ஈசனும் உணர்வு திரும்பும் கரமும்

திருவொற்றியூர்த் தியாகராஜர் ஆலயத்தின் மகிழ மரத்தை வலம்வரும் அன்பர்கள் சுந்தரமூர்த்தி நாயனாரை நினையாமல் திரும்புவதில்லை. பிரியேன் என்று சங்கிலி நாச்சியாருக்கு மகிழடியில் சத்தியம் செய்தவர், ஆரூர் வசந்த விழாவைக் காணும் ஆவலில் ஊர் எல்லையைக் கடந்தார். அக்கணமே இரு கண்களும் ஒளி இழந்தன. பார்வை உடனே திரும்பிவிடவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டுமே கிடைத்தது. காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் ஒளி பெற்றன. ஒரு கணத்தில் இழந்ததை அவர் ஊர் ஊராக நடந்தே மீண்டும் பெற்றார்.

கையின் நரம்பு சேதமுற்றவர்கள் இவ்வரலாற்றில் காண வேண்டியது தண்டனையை அன்று, படிப்படியான மீட்சியையே.

உழைக்கும் கரங்களின் ஊர்

பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது. அப்பால் பட்டறைகள், துறைமுகம் என விரியும் வடசென்னையில் கையை நம்பியே பல இல்லங்களில் உலை கொதிக்கிறது. இயந்திரத்தில் மணிக்கட்டு அறுபடலாம். மேற்கை எலும்பு முறிகையில் நரம்பும் நசுங்கலாம். இருசக்கர வாகனத்திலிருந்து விழுகையில், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்பு வேர்கள் இழுபட்டு அறுந்துபோகலாம்.

இத்தகையோருக்காகவே அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1971-ல் கை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அதுவே கைக்கான ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையமாக வளர்ந்தது.

நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

அறுந்த நரம்பைத் தைத்ததும் கை அசைந்துவிடாது. தையலுக்கு அப்பாலுள்ள இழைகள் அழிய, புதிய இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதமே வளர்கின்றன. மேற்கையிலிருந்து விரல்வரை செல்ல ஓராண்டுக்கும் மேலாகலாம். ஆனால், தசையோ நெடுங்காலம் காத்திராது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் நரம்பு வந்து சேராவிடில், அது மீண்டும் இயங்குவது அரிது. எனவே, பொறுமை வேண்டியது சிகிச்சைக்குப் பின்னரே. சிகிச்சையை நாடுவதில் அன்று. தோள் நரம்புகள் அறுந்திருந்தால், காயம்பட்ட சில மாதங்களுக்குள் அறுவை செய்வதே பெரும்பலன் தரும். கெண்டைக்கால் நரம்பை எடுத்து ஒட்டுவதும் உண்டு. காலம் கடந்தோருக்கும், இயங்கும் தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தும் முறை இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அவ்வாறே நிமிர்த்தினார்.

காத்திருக்கும் கைக்கு ஊன்றுகோல்

நரம்பு வளரும்வரை மூட்டுகள் இறுகாமல் காப்பது குடும்பத்தின் கடமை. தொங்கும் மணிக்கட்டைத் தாங்கும் பட்டையே இங்கு ஊன்றுகோல். இயன்முறை மருத்துவர் காட்டியபடி, மறுகையால் விரல்களை நாள்தோறும் மடக்கி நீட்ட வேண்டும். உணர்விழந்த கை சூட்டை அறியாது. ஆகவே கற்பூர ஆரத்தியை ஒற்றும்போதும், விளக்கேற்றும்போதும், சூடான பிரசாதம் வாங்கும்போதும் உணர்வுள்ள கையையே நீட்டுக. எரிச்சலும் மின்னல்போன்ற வலியும் இருந்தால் மறைக்க வேண்டா, அதற்கும் மருந்துண்டு. தொடுவுணர்வு திரும்பத் தொடங்கியதும், கண்மூடி ருத்திராட்சம், துளசி இலை, அரிசி ஆகியவற்றைத் தொட்டு இனங்காணப் பழகுவது நற்பயிற்சி.

வலக்கை எழாத சிலர், இடக்கையால் திருநீறு பெற நாணிச் சந்நிதிக்கே வருவதில்லை. அவர்கள் எண்ண வேண்டியது ஒன்றுண்டு: சுந்தரர் பார்வை திரும்பட்டும் என்று வீட்டில் காத்திருக்கவில்லை, கோலூன்றியே கோயில்தோறும் சென்று பாடினார். இறைவனும் அவரை அவ்வண்ணமே ஏற்றார். இடக்கை நீட்டுவோரை முகஞ்சுளிக்காமல் ஏற்பது உடன்நிற்கும் அடியார்க்கும் அழகு.

பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது திருவெண்பாக்கம் நீரில் மூழ்கியது. ஊன்றீஸ்வரர் கரைக்கு இடம்பெயர்ந்து, இன்றும் அங்கே அருள்கிறார். கை சோர்ந்தோர் ஒருமுறை அவரைத் தரிசிக்கலாம். மறுநாள் பயிற்சியைத் தவறாமல் தொடரலாம்.