கோரைப் பாய்: கொள்முதலுக்கு முன் அறிய வேண்டியவை

மழைக்காலத்தில் நல்ல கோரைப் பாய் வரத்துக் குறைகிறதே, வருவதிலும் கருப்படித்த சரக்கு கலந்திருக்கிறதே என்று நம் உறுப்பினர்கள் குறைப்படுவதுண்டு. மொத்த வியாபாரியைக் கடிந்து பயனில்லை. காரணம் வயலில் இருக்கிறது.

கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களில் காவிரிக் கரையோரம் கோரை தனிப்பயிராகவே விளைகிறது. விதைப்பது கிடையாது, வேர்க்கிழங்கைப் பிரித்து நடுகிறார்கள். (நாட்டு மருந்துச் சரக்காக நாம் நிறுத்து விற்கும் கோரைக்கிழங்கு இதுவல்ல. அது வயலில் களையாக முளைக்கும் வேறு இனம்.) முதல் அறுப்புக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதுவரை விவசாயிக்குச் செலவுதான், வரவில்லை. பிறகு சுமார் ஆறு மாதத்துக்கு ஓர் அறுப்பு வீதம் பல ஆண்டுகள் மறுநடவு இல்லாமல் பலன் தரும். ஈரம் வற்றக் கூடாது. களை மண்டவும் விடக் கூடாது. களை எடுக்கும் கூலியே பெரும் செலவு. தண்ணீரில் குறை வைத்தால் கோரை குட்டையாகிவிடும். நீளக் கோரைக்குத்தான் விலை, ஏனெனில் அகலப் பாய்க்கு அதுவே வேண்டும்.

அறுத்த கோரையை நீளவாரியாகத் தரம் பிரித்து, கிழித்து, வெயிலில் காய வைக்கிறார்கள். இங்கேதான் ஆபத்து. காயும்போது ஒரு மழை நனைத்தால் நிறம் கறுத்து, விலை இறங்கிவிடும். ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் பாதிப் பணத்துக்குப் போன கதை கரையோர ஊர்களில் புதிதல்ல. ஆகவே கோடையில் காய்ந்த கோரையில் நெய்த பாயை ஐப்பசிக்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய் தனி ரகம். அங்கே கோரையை மெல்லிய இழையாகக் கிழித்து, ஓடும் நீரில் ஊற வைத்து, பருத்தி அல்லது பட்டு நூல் பாவில் நெய்கிறார்கள். திருமணச் சீருக்குக் கேட்டு வருபவரிடம் சாதாரணப் பாயைப் பத்தமடை என்று சொல்லி விற்பது கடையின் பெயரைக் கெடுக்கும்.

வாங்கும்போது ஒரு பாயையாவது முழுதாக விரித்துப் பாருங்கள். சுருளின் உட்பக்கத்தில்தான் கருப்பும் பூசண வாடையும் ஒளிந்திருக்கும். கோரையை வளைத்தால் சடக்கென்று முறியக் கூடாது. கடையில் பாயை மடிக்காமல் சுருட்டி, தரையில் படாதபடி பலகைமேல் நிறுத்துங்கள். உப்பு மூட்டைப் பக்கம் மட்டும் வேண்டாம், ஈரம் ஏறிவிடும்.